மூன்று கோலும் எங்கிருந்து வந்தன? – கால்பந்து கேள்வி பதில்

கேள்வி: உள்ளூரில் ஆடிய நான்கு ஆட்டத்திலும் ஜெயித்த எங்கள் அணி, ஆடி மாதம் தொண்டிப் பக்கத்து ஊர் ஒன்றுக்குப் போய் 3–0 என்று தோற்று வந்தது. மாலை நாலரைக்கு ஆட்டம். டாஸ் ஜெயித்து, கச்சானை, அதாவது மேற்குக் காற்றை, முதுகுக்கு வைத்துக் கிழக்குப் பார்த்து ஆட இறங்கினார்கள். இருபது நிமிடத்தில் காற்று கிழக்கிலிருந்து திரும்பிவிட்டது. 32-ஆவது நிமிடத்தில் எதிரணி அடித்த நீளப் பந்து எங்கள் சென்டர் பேக்கின் தலைக்கு மேல் எகிறிப் போய் முதல் கோல். இடைவேளைக்குப் பிறகு ஒரு கார்னரில் கோலி வெளியே வந்து பந்தை விட்டுவிட்டார், இரண்டாவது. 84-இல் எங்கள் கார்னருக்கு எல்லோரும் ஏறிப்போன நேரத்தில் ஒரே ஓட்டத்தில் மூன்றாவது. அது தெளிவான ஆஃப்சைடு, ரெஃப்ரி கண்டுகொள்ளவில்லை. ஊரில் எல்லோரும் கோலியைத் திட்டுகிறார்கள். பையன்கள் மனசு வைத்து ஆடவில்லை என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: நான்கு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தவர்கள் ஒரே பயணத்தில் மனசை எங்கேயும் தொலைத்துவிட மாட்டார்கள். உங்கள் கடிதத்திலேயே மூன்று கோலுக்கும் காரணம் இருக்கிறது. தரை, காற்று, வெயில். மூன்றாவது கோலில் மட்டும் இவற்றோடு சேராத ஒரு தவறு உண்டு.

தரையிலிருந்து தொடங்குவோம். ராமேஸ்வரம் தீவில் நீங்கள் ஆடுவது மணல். மணலில் விழுந்த பந்து கணுக்கால் உயரம்கூட எழும்பாது. உருண்டாலும் சீக்கிரம் நின்றுவிடும். அதனால் அங்கே பழகிய கால் பாஸை ஓங்கித் தள்ளும். பேக் நிற்பவர் பந்து விழும் இடத்துக்கே போய் நிற்பார். தொண்டி, திருவாடானைப் பக்கத்துக் களிமண் பொட்டல் கோடையில் காய்ந்து இறுகினால் அதே பந்து தொடை உயரம் எழும்பும்; விழுந்த பிறகும் வேகம் குறையாமல் ஓடும். பந்து விழும் இடத்தில் போய் நின்றவர் தலைக்கு மேல்தான் அது போகும். உங்கள் சென்டர் பேக்குக்கு நடந்தது இதுதான். இறுகிய தரையில் எதிரணியின் நீளப் பந்துக்கு, விழும் இடத்துக்கு நாலைந்து மீட்டர் பின்னால் நிற்க வேண்டும். இல்லையென்றால் விழுவதற்கு முன்பே தலையால் வாங்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நின்றால் பந்து தாண்டிப் போய்விடும்.

இதோடு காற்றும் சேர்ந்துகொண்டது. ஆனி, ஆடியில் பகலெல்லாம் கச்சான் அடித்தாலும், தரை சூடேறிய நாளில் பாக் நீரிணைக் கரையில் மாலையில் கடல்காற்று கிழக்கிலிருந்து உள்ளே வரும். எத்தனை மணிக்குத் திரும்பும் என்பது அந்தந்த ஊர் மீனவர்களுக்கு அத்துபடி. வேனை விட்டு இறங்கியதும் கரையில் நிற்கும் ஒரு பெரியவரிடம், "ஐயா, இங்க காத்து எத்தனை மணிக்குத் திரும்பும்?" என்று கேட்டிருந்தால் போதும். நாலரைக்குத் தொடங்கும் ஆட்டத்துக்கு மூன்று மணிக் காற்றைப் பார்த்து முடிவெடுத்ததுதான் பிழை. காற்று திரும்பியதும் அது எதிரணியின் முதுகுக்கு வந்துவிட்டது. அந்த நிமிடமே பின்வரிசை பத்துப் பதினைந்து மீட்டர் இறங்கியிருக்க வேண்டும். கோலியும் பெனால்டி பகுதியின் விளிம்பு வரை, அதாவது கோல் கோட்டிலிருந்து 16.5 மீட்டர் வரை, ஏறி நின்று பின்வரிசையைத் தாண்டி வரும் பந்தைக் காலால் எடுக்கத் தயாராக இருந்திருக்க வேண்டும். இதைக் கத்திச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். காற்றைப் பார்ப்பது உன் வேலை என்று ஒரு மாற்று ஆட்டக்காரரிடம் ஒப்படைத்து, எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார வையுங்கள்.

டாஸில் இன்னொரு வழியும் இருந்தது. 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, டாஸ் ஜெயித்தவர் எந்தக் கோலை நோக்கி ஆடுவது என்று தேர்ந்தெடுக்கலாம். வேண்டாமென்றால் முதல் உதையை எடுத்துக்கொள்ளலாம். காற்று திரும்பும் என்று சந்தேகம் இருந்தால் பக்கத்தை முடிவு செய்யக் காற்றைவிட வெயிலைப் பாருங்கள். வெயில் வரும் திசை மாறாது.

இனி இரண்டாவது கோல். ஊர் உங்கள் கோலியைத் திட்டுவதுதான் எங்களுக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. முதல் பாதியில் கிழக்கு நோக்கி ஆடியதால் இரண்டாம் பாதியில் அவர் காத்தது கிழக்குக் கோல். முகம் முழுக்க மேற்கே. ஆடியில் நம் கரையில் சூரியன் மறைய ஆறரை தாண்டும். ஐந்தே முக்கால் வெயில் நேராகக் கண்ணில் குத்தும். கார்னர் கொடியிலிருந்து கிளம்பிய பந்து கோலுக்கு முன்னால், மேற்கு வானத்தின் வெளிச்சத்துக்குள் நுழையும்போது அவருக்குக் கண் கூசியிருக்கும். அதோடு கிழக்குக் காற்று கோலுக்குப் பின்னாலிருந்து அடித்ததால், தூரக் கம்பத்துக்கு வர வேண்டிய பந்தை அது வெளிப்பக்கம் தள்ளி முன்னாலேயே இறக்கிவிடும். கோலி பந்தைப் பார்த்து வெளியே வந்தது சரி. பந்துதான் வர வேண்டிய இடத்துக்கு வரவில்லை. உள்ளூர் ஆட்டக்காரன் அந்த இடம் தெரிந்து காத்திருப்பான்.

இதற்கு மருந்து இரண்டு. கோலி தொப்பி போட்டுக்கொள்ள விதியிலேயே அனுமதி உண்டு. முன்விளிம்பு உள்ள துணித் தொப்பி ஒன்று பையில் எப்போதும் இருக்கட்டும். கோலுக்குப் பின்னாலிருந்து காற்று வரும்போது கார்னருக்குக் கோலி கோட்டிலேயே நிற்கட்டும்; உயரமான ஒருவர் அருகுக் கம்பத்துக்கு நேரே, 5.5 மீட்டர் கோட்டின் மேல் நின்று, குறைவாக விழும் பந்தை எடுத்துக்கொள்ளட்டும்.

மூன்றாவது கோலில் ரெஃப்ரி மேல் தவறில்லை என்றே தோன்றுகிறது. எதிரணியின் பாதியில், பந்தையும் கடைசிக்கு முந்தைய எதிராளியையும் தாண்டி நின்று பந்தை வாங்குவதுதான் ஆஃப்சைடு. பந்து உதைக்கப்பட்ட நொடியில் தன் பாதிக்குள் இருக்கும் ஆட்டக்காரர் ஆஃப்சைடு ஆக மாட்டார். நடுக்கோட்டின் மேல் நின்றாலும் அது அவர் பாதிதான். உங்கள் பத்துப் பேரும் கார்னருக்கு ஏறிப் போயிருக்கிறார்கள். அவர்களுடைய ஃபார்வர்டு நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் தன் பாதியிலிருந்து ஓடத் தொடங்கியிருந்தால், அவருக்கு முன்னால் கோலி மட்டுமே இருந்தாலும் ஆட்டம் தொடரும். எதிரணி எத்தனை ஃபார்வர்டை முன்னால் விட்டு வைத்திருக்கிறதோ அதைவிட ஒருவர் கூடுதலாகப் பின்னால் நிற்க வேண்டும். 2–0 பின்தங்கி 84-ஆவது நிமிடம் ஓடும்போது இதை மறப்பது இயல்பு. அதனால்தான் யார் யார் பின்னால் நிற்பது என்பதை ஆட்டத்துக்கு முன்பே பெயர் சொல்லி ஒதுக்கிவிட வேண்டும்.

இரண்டாம் பாதியில் காற்று உங்கள் முதுகுக்கு வந்தும் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் முக்கியம் அதுதான். காற்று பின்னால், தரை கெட்டி, ஊக்கமோ அதிகம். அப்படி இருக்கும்போது அடித்த நீளப் பந்தெல்லாம் நேரே எதிரணிக் கோலி கைக்கோ கோட்டுக்கு வெளியேவோதான் போகும். அப்போது ஆட வேண்டியது தரையோடு குட்டைப் பாஸும், இருபது மீட்டரிலிருந்து தாழ்வான ஷாட்டும். கெட்டித் தரையில் கோலிக்கு முன்னால் குத்தி எழும் பந்தைப் பிடிப்பது கடினம். நழுவி வருவதை உள்ளே தள்ள ஒருவர் பின்தொடர்ந்தால் போதும்.

அடுத்த வெளியூர் ஆட்டத்துக்கு முன்பு ஒரு வாரத்தில் இரண்டு மாலையாவது ஏதாவது கெட்டித் தரையில், பள்ளி மைதானமோ காய்ந்த கண்மாய்ப் பொட்டலோ, பயிற்சி எடுக்கட்டும். எழும்பி வரும் பந்தைத் தொடையிலும் நெஞ்சிலும் அடக்கிக் கீழே இறக்குவதைத்தான் அதிகம் பழக வேண்டும். நீள ஸ்டட் வைத்த ஷூ அங்கே உதவாது. இறுகிய மண்ணில் ஸ்டட் இறங்காமல் வழுக்கும், குதிகாலும் வலிக்கும். குட்டைக் குமிழ்கள் நிறைய உள்ள டர்ஃப் ஷூ நல்லது.

கேள்வி: இதே எதிரணி இரண்டு வாரத்தில் எங்கள் ஊருக்கு வருகிறது. இரண்டு ஆட்டத்தின் கோலையும் கூட்டித்தான் முடிவு. மூன்று கோல் பின்தங்கி இருக்கிறோம். வழி இருக்கிறதா? வெளியூரில் கோல் அடிக்காதது தனியாகப் பாதிக்குமா?
– அதே வாசகர்

பதில்: வழி இருக்கிறது. ஐரோப்பிய கிளப் அணிகளின் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில், 2019 மே 1-இல் பார்சிலோனா ஊரில் 3–0 தோற்ற லிவர்பூல், மே 7-இல் தன் ஊரில் 4–0 ஜெயித்து இறுதிப் போட்டிக்குப் போனது. அந்த நான்காவது கோல் ஒரு கார்னர். பார்சிலோனா ஆட்டக்காரர்கள் பந்தைப் பார்க்காமல் நின்ற நேரத்தில் லிவர்பூலின் அலெக்சாண்டர்-ஆர்னால்டு சட்டென்று உதைக்க, ஒரிகி அடித்துவிட்டார். களைத்த அணிக்கு முதலில் தளர்வது கவனம்தான்.

உங்கள் பலம் மணல். கெட்டித் தரையில் ஓடுவதைவிட மணலில் ஓட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆற்றல் செலவாகும். வருகிறவர்கள் அதில் பழகாதவர்கள். முதல் அரைமணியிலேயே மூன்று கோலையும் துரத்த வேண்டாம். இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று பந்தை மாற்றி மாற்றி அவர்களை ஓட விடுங்கள். அறுபதாவது நிமிடத்துக்கு மேல் அவர்கள் கெண்டைக்கால் கனக்கும். வேகமான இரண்டு பேரை அதுவரை வெளியே வைத்திருந்து அப்போது இறக்குங்கள். இடைவேளைக்குள் ஒரு கோல் போதும். ஆனால் ஒன்று வாங்கிவிட்டால் கணக்கு மிகவும் கடினமாகிவிடும். ஆகவே பின்னால் மூன்று பேர் எப்போதும் இருக்கட்டும்.

வெளியூர்க் கோலுக்குக் கூடுதல் மதிப்பு என்ற விதியை ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் 2021-இல் நீக்கிவிட்டது. ஆனாலும் உங்கள் போட்டிக்கு உங்கள் போட்டி விதித்தாள்தான் சட்டம். சமமானால் கூடுதல் நேரமா, நேராகப் பெனால்டியா என்பதையும் அமைப்பாளரிடம் முதல் நாளே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெளியூர் போனால் கடைசி இருபது நிமிடத்தில் எங்கள் பையன்களுக்குச் சதை பிடித்துக்கொள்கிறது. உள்ளூரில் இப்படி ஆவதில்லை. ஏன்?
– வாசகர், ஏர்வாடி

பதில்: வேனில் கால் மடக்கி இரண்டு மணி நேரம், வழியில் பரோட்டா, இறங்கியதும் தாகத்துக்கு ஒரு பாட்டில் சோடா. பெரும்பாலும் காரணம் இதற்குள்தான் இருக்கும். சாப்பாடு ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே முடியட்டும். சோறு, குழம்பு, எண்ணெய் குறைவான மீன் போதும். 60 கிலோ எடையுள்ளவர் நான்கு மணி நேரம் முன்னதாக 300 முதல் 400 மில்லி வரை தண்ணீர் குடிக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வேனை நிறுத்தி ஐந்து நிமிடம் நடக்க விடுங்கள்.

ஆட்டத்தின்போது வெறும் தண்ணீர் மட்டும் போதாது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக்கொள்ளுங்கள். உப்பைக் கூட்ட வேண்டாம், குமட்டும். வியர்வையில் எவ்வளவு போகிறது என்று அறிய, ஒரு பயிற்சி நாளில் முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் அன்று மாலைக்குள் ஒன்றரை லிட்டர் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போக வேண்டும். போய் இறங்கியவுடன் பந்தை ஓங்கி உதைக்க விடாதீர்கள். மெதுஓட்டம், காலை முன்பின் வீசுதல், பிறகு குட்டை வேக ஓட்டம் என்று இருபது நிமிடமாவது உடம்பைச் சூடாக்கட்டும்.

கேள்வி: வெளியூரில் கொடுக்கும் பந்து கல் மாதிரி இருக்கிறது. ஆட்சேபிக்கலாமா?
– வாசகர், பெரியபட்டினம்

பதில்: கேப்டன் ஆட்டத்துக்கு முன் ரெஃப்ரியிடம் மரியாதையாகக் கேட்கலாம். சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., எடை 410 முதல் 450 கிராம், உள்ளே காற்று சதுர செ.மீ.க்கு 600 முதல் 1,100 கிராம் என்பது விதி. பம்ப் மீட்டரில் 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. இந்த எல்லை அகலமானது. எனவே கல் மாதிரி இருக்கும் பந்தும் விதிக்கு உட்பட்டதாக இருக்கலாம். வெயிலில் கிடந்த பந்தில் அழுத்தம் ஏறும் என்பதால் மீட்டர் வைப்பது கடைசி நேரத்தில் நடக்கட்டும். மணலில் வெறுங்காலோடு ஆடும் ஊர்களில் பந்தைத் தளர்வாக வைப்பது வழக்கம். வெளியூர் போகுமுன் ஒரு வாரம் 11, 12 பி.எஸ்.ஐ. ஏற்றிப் பழகுங்கள். ஊசியை ஈரப்படுத்தித்தான் செருக வேண்டும். காய்ந்த ஊசி வால்வைக் கிழித்தால் ஒட்டுப் போட முடியாது. சீமைக் கருவேல முள் ஏறிய பந்தை முள்ளோடு தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் குறித்துக்கொண்ட பிறகே முள்ளைப் பிடுங்குங்கள்; பிடுங்கியபின் ஓட்டை கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி: பதினைந்து பேர் டெம்போவில் கூடப் போகிறோம். எதிர் ஊர்க் கூட்டம் ஆயிரம் பேர். நாங்கள் கத்துவது யாருக்குக் கேட்கும்?
– வாசகர், கீழக்கரை

பதில்: சிதறி நின்றால் கேட்காது. முதல் பாதியில் உங்கள் கோலுக்குப் பின்னால் ஓர் ஓரமாக, கோலியின் பார்வையை மறைக்காமல் ஒன்றாக நில்லுங்கள். பாதி மாறும்போது நீங்களும் மாறுங்கள். எதிர்க் கூட்டம் கத்தும்போது உள்ளே இருப்பவர்களுக்குத் தங்கள் ஆள் குரலே எட்டாது. பேக்குக்கும் கோலிக்கும் உங்கள் குரல் அப்போது உதவும். கைதட்டுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். ஆனால் எங்கே பாஸ் கொடு என்று ஆளுக்கொன்று கத்தாதீர்கள். கோட்டைத் தாண்டிக் கால் வைக்க வேண்டாம். பார்வையாளர் ஒருவர் குறுக்கிட்டு ஆட்டம் நின்றால், ரெஃப்ரி கையிலிருந்து கீழே போடும் டிராப் பந்தில்தான் மீண்டும் தொடங்கும். உங்கள் ஃபார்வர்டு ஓடிக்கொண்டிருந்த வாய்ப்பு அதோடு போய்விடும்.