டேப்பை ஏற்றி வைத்தால் லோ வோல்டேஜ் தீருமா?

கேள்வி: கொளத்தூரில் எங்கள் வீடு தெருவின் கடைசியில் இருக்கிறது. மே மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கு மேல் மின்னழுத்தம் 190 வோல்ட்டுக்கு இறங்கிவிடுவதால், ஏ.சி. கம்ப்ரசர் முனகிவிட்டு நின்றுபோகிறது. விடியற்காலையில் அதே ஸ்டெபிலைசர் 245 காட்டுகிறது. தெருமுனை டிரான்ஸ்பார்மரில் டேப்பை ஏற்றி வைத்தால் போதும் என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். துணை மின்நிலையத்தில் தானாகவே நடக்கும் இந்த மாற்றம் தெருவில் ஏன் நடப்பதில்லை?

பதில்: அக்கம்பக்கத்தார் சொல்வதில் உண்மை உண்டு, ஆனால் உங்கள் எண்களையே வைத்துக் கணக்குப் போட்டால் பலன் மிகச் சிறியது என்பது புரியும். தெரு டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாகக் குறைக்கிறது. ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே அது 250 வோல்ட். டேப் என்பது உயரழுத்தச் சுருளின் சுற்றுகளில் சிலவற்றைச் சேர்ப்பதற்கோ விலக்குவதற்கோ உள்ள இணைப்பு. மேலே சுற்றுகள் குறைந்தால் கீழே வோல்டேஜ் கூடும். ஒரு நிலைக்குப் பொதுவாக 2.5 சதவீதம்தான். இரண்டு நிலை ஏற்றினாலும் உங்கள் 190 ஏறத்தாழ 200 ஆகும், அவ்வளவே. விடியற்காலையிலோ உங்கள் 245 ஏறத்தாழ 257 ஆகிவிடும். டிரான்ஸ்பார்மருக்கு அடுத்த வீட்டில் அதற்கும் மேல் போய், அங்குள்ள பல்புகளும் மின்கருவிகளும் பழுதாகும். உங்கள் குறையைத் தீர்க்க அந்த வீட்டாரைச் சிரமப்படுத்துவது நியாயமன்று.

மேலும், டேப்பை மாற்றும் கைப்பிடியை மின்சாரம் ஓடும்போது தொடவே கூடாது. ஏ.பி. சுவிட்சை (டிரான்ஸ்பார்மருக்கு வரும் உயரழுத்த மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) திறந்து, டிரான்ஸ்பார்மரை இருபுறமும் துண்டித்த பிறகே திருப்ப வேண்டும். இல்லையேல் எண்ணெய்க்குள் தொடுமுனைகளுக்கிடையே தீப்பொறி எழுந்து சுருளே கருகிவிடும். அதனால்தான் நேரத்துக்கு ஒருமுறை அதை மாற்ற இயலாது.

துணை மின்நிலையத்தின் பெரிய மின்மாற்றியில் இருப்பது வேறு வகை அமைப்பு. மின்னோட்டம் நிற்காமலேயே டேப் மாற்றும் இந்த முறைக்கு வழி திறந்தது, ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் யான்சன் 1927-ல் காப்புரிமை பெற்ற மின்தடை முறை. முதலில் மின்னோட்டம் இல்லாத தொடுமுனை அடுத்த டேப்பில் போய் அமர்கிறது. பிறகு மாற்றுச் சுவிட்ச், பழைய டேப்பையும் புதிய டேப்பையும் மின்தடைகள் வழியாக ஒரு கணம் சேர்த்துப் பிடித்து, சுமையைப் புதியதற்குக் கைமாற்றுகிறது. பக்கத்தில் நின்றால் மோட்டார் சில நொடிகள் சுழலும் ஒலியும், பிறகு தொட்டிக்குள் ஒரு கனத்த 'டக்' ஒலியும் கேட்கும். உண்மையான கைமாற்றம் அந்த 'டக்'கில், நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. இந்த அமைப்பின் விலையையும் பராமரிப்பையும் ஒவ்வொரு தெருவுக்கும் தாங்க முடியாது.

டேப் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. 1987 ஜூலை 23 அன்று டோக்கியோவில் கடும் வெப்பம். மதிய உணவு இடைவேளை முடிந்ததும் தேவை நிமிடத்துக்குச் சுமார் 400 மெகாவாட் வேகத்தில் ஏறியது. வோல்டேஜ் இறங்க இறங்க, நவீன ஏ.சி. இயந்திரங்கள் அதே திறனைப் பெறுவதற்காக இன்னும் அதிக மின்னோட்டத்தை இழுத்ததால், உயரழுத்தப் பாதைகளில் வோல்டேஜ் மேலும் சரிந்து, ஏறத்தாழ 28 லட்சம் வாடிக்கையாளர்கள் இருளில் மூழ்கினார்கள். இப்படிப்பட்ட வேளையில் டேப் ஏறுவதே ஆபத்தாகலாம்: கீழே வோல்டேஜை மீட்டால் சுமையும் மீள்கிறது, அந்தப் பளு முழுவதும் ஏற்கெனவே தளர்ந்துபோன மேல்பாதையில் விழுகிறது.

உங்கள் தெருவுக்கு வருவோம். இரவு ஒன்பது மணிக்கு உங்கள் வீட்டையும், வேறு ஃபேஸில் உள்ள ஒரு வீட்டையும் ஒரே நேரத்தில் அளந்து பாருங்கள். அங்கே 225, இங்கே 190 என்றால் ஒரே ஃபேஸில் வீடுகள் குவிந்திருக்கக்கூடும். பிரித்துப் போட்டால் பெருமளவு சரியாகும். எல்லா ஃபேஸிலும் குறைவென்றால் கம்பி நீளமும் சுமையும்தான் காரணம். தெருவின் நடுவே இன்னொரு டிரான்ஸ்பார்மர் வைப்பதே நிலையான தீர்வு. இரவு வாரியான அளவுகளை எழுதி, மனுவோடு இணைத்துக் கொடுங்கள்.

கேள்வி: அலமாதி, ஸ்ரீபெரும்புதூர் போன்ற 400 கிலோவோல்ட் துணை மின்நிலையங்கள் வழியாகச் சென்னைக்கு மின்சாரம் வருகிறது. ஒரு பாதை நிரம்பி மற்றொன்று காலியாக இருந்தால், மின்மாற்றியைக் கொண்டு மின்சாரத்தைத் திருப்பிவிட முடியுமா? (பொறியியல் மாணவர், கிண்டி)

பதில்: முடியும், ஆனால் சாதாரண டேப்பால் அன்று. உயரழுத்தப் பாதைகளில் வோல்டேஜின் அளவை மாற்றினால் பெரும்பாலும் ரியாக்டிவ் பவர்தான் இடம்பெயரும். அதாவது மோட்டார்களும் சுருள்களும் காந்தப்புலத்துக்காக வாங்கித் திருப்பித் தரும் பகுதி. உண்மையான மெகாவாட் ஓட்டத்தை நிர்ணயிப்பது இரு முனைகளின் வோல்டேஜுக்கும் இடையிலுள்ள கோண வேறுபாடு. ஆகவே மற்ற இரு ஃபேஸ்களிலிருந்து எடுத்த சிறு வோல்டேஜை, அசல் வோல்டேஜுக்குச் செங்கோணத்தில் தொடராகச் சேர்த்துக் கோணத்தை முன்னுக்கோ பின்னுக்கோ தள்ளும் தனிவகை மின்மாற்றி வேண்டும். இந்தியாவில் முதன்முதலாக இத்தகையது தெலங்கானாவின் கொத்தகூடம் அனல் மின்நிலையத்தில் நிறுவப்பட்டது. செய்து தந்தது பெல் (BHEL) நிறுவனம். போலந்தும் ஜெர்மனியும் எல்லை தாண்டிச் சுற்றிவரும் வேண்டாத மின்னோட்டத்தைத் தடுக்க இதையே நாடின. இணையாக இன்னொரு பாதை உள்ள இடத்தில்தான் இதற்கு வேலை உண்டு. ஒரே பாதையில் தொங்கும் கொளத்தூர் தெருவுக்கு இது பயன்படாது.