முதலில் பென் டிரைவில் ஓட்டிப் பாருங்கள்

கணினி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐந்தாம் தலைமுறை ஐ3 லேப்டாப், 4 ஜி.பி. ராம். விண்டோஸ் 11 ஏறாது என்கிறார்கள். லினக்ஸ் போட்டால் வீட்டில் எல்லோருக்கும் சரிவருமா? கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டுமாமே?
– வாசகர், பாலக்கோடு

பதில்: விண்டோஸ் போலவே கணினியை இயக்கும் இலவச இயங்குதளம்தான் லினக்ஸ். பிரவுசர், வீடியோ, கடிதம், பிள்ளைகளின் பாடம் இவ்வளவுதான் தேவை என்றால் தாராளமாகச் சரிவரும். லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டில், பழைய கணினிக்கும் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள். மெனுவும் டாஸ்க்பாரும் நீங்கள் பழகிய இடத்திலேயே இருக்கும்; சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடி, பட்டனை அழுத்தி நிறுவலாம். கட்டளை தேவைப்படுவது ஏதாவது கோளாறு வந்தால்தான்.

நிறுவும் முன் 8 ஜி.பி. பென் டிரைவில் ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் கொண்டு மின்ட்டை ஏற்றி, அதிலிருந்தே லேப்டாப்பைத் தொடங்குங்கள். அதற்கு ஆன் செய்ததும் அழுத்த வேண்டிய கீ, டெல், லெனோவாவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்.பி.யில் எஃப்9. வைஃபை, ஒலி, கேமரா, பிரின்டர் நான்கையும் சோதியுங்கள். வைஃபை தெரியாவிட்டால் போனை யு.எஸ்.பி. வயரில் இணைத்து, போனின் இணையத்தைப் பகிரும் டெதரிங் போட்டு, மின்ட்டின் டிரைவர் மேனேஜரைத் திறங்கள். பல சமயம் வைஃபையை இயக்கும் மென்பொருளான டிரைவர் அங்கேயே கிடைத்துவிடும். பென் டிரைவில் ஓடும்போது மந்தமாக இருப்பது இயல்பு, அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

நிறுவும்போது 'எரேஸ் டிஸ்க்' என்பதைத் தேர்ந்தால் எல்லாக் கோப்புகளும் போய்விடும். போட்டோக்களை முன்பே வெளி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். விண்டோஸும் கூடவே இருக்கட்டும் என்றால், விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை முதலில் அணைக்க வேண்டும். இல்லையேல் விண்டோஸ் முழுதாக மூடாமல் உறங்கிக் கிடக்கும். டிஸ்க்கில் விண்டோஸ் இருக்கும் பகுதியில் (பார்ட்டிஷன்) லினக்ஸால் எழுத முடியாது.

பழைய ஹார்ட் டிஸ்க்கே இருந்தால் 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. மாற்றுங்கள். வேகத்தில் பெரிய வித்தியாசம் அதில்தான் தெரியும்.

கேள்வி: டி.டி.பி. கடை வைத்திருக்கிறேன். தமிழ்99 கீபோர்டு முறை, பாமினி ஃபான்ட்டில் அடித்த கோப்புகள், கேனன் எல்.பி.பி. 2900 பிரின்டர். மாறலாமா?
– வாசகர், அரூர்

பதில்: தமிழ் தட்டச்சு தடையில்லை. ஆனால் கீபோர்டு லேஅவுட் பட்டியலில் உள்ள தமிழ்99-ஐ எடுக்காதீர்கள். அது தானாகப் புள்ளி வைக்காது. 'அம்மா' அடிக்க ம-வை இருமுறை தட்டினால் முதல் ம-வுக்குப் புள்ளி விழாது. சாஃப்ட்வேர் மேனேஜரில் தட்டச்சு மென்பொருளான ஐபஸ்-எம்17என் நிறுவி, இன்புட் மெத்தடில் ஐபஸைத் தேர்ந்து, லாக்-அவுட் செய்து திரும்ப வாருங்கள். பிறகு ஐபஸ் அமைப்பில் தமிழ் – தமிழ்99 சேர்த்தால் பழகிய விரல் அப்படியே ஓடும். பாமினி கோப்புகள் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஃபான்ட்டை இருமுறை கிளிக் செய்து நிறுவினால் தமிழாகிவிடும்.

சிக்கல் பிரின்டர்தான். 2900-க்கான லினக்ஸ் டிரைவர் பழையது. பின்னணி நிரல் உறைந்து அச்சு பாதியில் நிற்கும். வாடிக்கையாளர் காத்திருக்கும் கடைக்கு அது ஆகாது. பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கருக்கும் லினக்ஸ் பதிப்பு இல்லை. ஆகவே பிரின்டரும் பேஜ்மேக்கரும் ஓடும் ஒரு மெஷினை விண்டோஸில் விட்டுவிட்டு, தட்டச்சு மெஷினை மட்டும் மாற்றுங்கள்.

கேள்வி: மாங்காய் மண்டிக் கணக்கு டேலியில். லினக்ஸில் ஓடுமா?
– வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: டேலிக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட உதவும் 'ஒயின்' மூலம் ஓட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. சீசன் நேரத்தில் பில் போட அதை நம்ப வேண்டாம். விண்டோஸிலேயே இருங்கள்.