கேத்தியிலிருந்து ஊட்டிக்கு ஓடியே வேலைக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 36, எடை 60 கிலோ. வீடு கேத்தி பாலாடா பக்கம், அலுவலகம் ஊட்டி சேரிங்கிராஸ் அருகே. வாசலிலிருந்து வாசல் வரை 8 கிலோமீட்டர். முதல் 3 கிலோமீட்டர் காய்கறித் தோட்டங்களுக்கு நடுவே மண் பாதை, மீதி தார் ரோடு. செல்போன் கணக்கில் 250 மீட்டர் ஏற்றம். ஞாயிற்றுக்கிழமைகளில் 5 கிலோமீட்டர் நிற்காமல் ஓடுவேன். இனி வாரத்தில் சில நாள் காலையில் ஓடியே போய், மாலையில் ஓடியே திரும்ப ஆசை. ஓடுவதற்கு முன் என்ன சாப்பிடுவது, ஓட்டக்காரர்கள் வழியில் உறிஞ்சும் சர்க்கரை ஜெல் வாங்க வேண்டுமா? மண் பாதையில் ஓடுவதற்கென்று விற்கும் ட்ரெயில் ஷூ அவசியமா, எதைப் பார்த்து வாங்குவது? வேலை 10 மணிக்குத் தொடங்கும்.

பதில்: தாராளமாக ஓடலாம். ஆனால் காலையில் மட்டும் ஓடுங்கள், மாலையில் பஸ் ஏறிவிடுங்கள். குறைந்தது முதல் இரண்டு மாதம் இப்படித்தான்.

மேடு ஏறுவதுதான் கஷ்டம், இறக்கம் சும்மா வரும் என்று தோன்றும். மூச்சுக்கு அது சரி, காலுக்கு நேர்மாறு. இறக்கத்தில் ஒவ்வொரு அடியிலும் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. பழகாத தசை இழைகளில் அப்போதுதான் நுண்ணிய கிழிசல் விழும். வலி அன்று தெரியாது. மறுநாள் தொடங்கி மூன்றாம் நாள் வரை படிக்கட்டில் இறங்கும்போது உயிரை வாங்கும். அந்தக் காலோடு மறுபடி 250 மீட்டர் ஏற முடியாது. மாலை ஆறு மணிக்கு மேல் இருட்டு, பனிமூட்டம், தோட்டங்களில் மேய இறங்கும் காட்டெருமை எல்லாம் சேர்ந்து வரும் என்பது இரண்டாவது காரணம். பழகிய பிறகு வாரம் ஒரு மாலை இறங்கி ஓடிப் பார்க்கலாம். அதற்கு பிப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள்: மழை குறைவு, ஆறரை வரை வெளிச்சம், சீசன் கூட்டமும் இன்னும் ஏறியிருக்காது.

உங்கள் 8 கிலோமீட்டரை 8 என்று எண்ணாதீர்கள். மலை ஓட்டக்காரர்கள் 100 மீட்டர் ஏற்றத்தை ஒரு கிலோமீட்டர் சமதளத்துக்குச் சமமாக வைத்துக் கணக்குப் போடுவார்கள். அப்படிப் பார்த்தால் உங்களுடையது பத்தரை கிலோமீட்டர் உழைப்பு. ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றுதான் அதிகம். அங்கேயே வசிப்பவருக்கு உடம்பு பழகியிருந்தாலும், கோவையில் ஓடும் நண்பரின் வேகத்தோடு ஒப்பிட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஆரம்பத்தில் 65 முதல் 75 நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே சரியான வேகம். பேச்சு இரண்டிரண்டு சொல்லாக உடைந்தால் நடக்கத் தொடங்குங்கள். செங்குத்தான இடத்தில், கையைத் தொடையில் ஊன்றி வேகமாக நடப்பவரும் ஓடுபவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் மேலே போய்ச் சேருவார்கள். நடப்பவருக்கு மூச்சு மிச்சம் இருக்கும்.

சாப்பாட்டுக் கேள்விக்கு இந்தக் கணக்கிலேயே விடை இருக்கிறது. ஓட்டத்தில் கிலோ எடைக்கு, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். 60 கிலோ, பத்தரை கிலோமீட்டர் என்றால் 630 கலோரி. அதில் பாதிக்கு மேல் மாவுச்சத்திலிருந்து வந்தால்கூட 100 கிராம் அளவுதான் தேவை. முந்தைய இரவு சோறோ சப்பாத்தியோ களியோ ஒழுங்காகச் சாப்பிட்டவரின் தசைகளில் இதைப் போல மூன்று நான்கு மடங்கு சேமிப்பு இருக்கும். ஆகவே ஜெல் வேண்டாம். அந்தக் காசை நல்ல காலுறைக்குப் போடுங்கள்.

இரவு முழுக்க வயிறு காய்ந்ததால் குறைவது கல்லீரலில் இருக்கும் சர்க்கரை. காலையில் தலை லேசாகச் சுற்றுவது பெரும்பாலும் அதனால்தான். கிளம்ப 30 - 40 நிமிடத்துக்கு முன் ஒரு வாழைப்பழம், சர்க்கரை போட்ட அரை டம்ளர் டீ போதும். டீயோடு வர்க்கி வேண்டாம். அதில் இருக்கும் கொழுப்பு வயிற்றை விட்டு நகர நேரமாகும், முதல் மேட்டிலேயே நெஞ்சைக் கரிக்கும். வர்க்கியை மாலை டீக்கு வைத்துக்கொள்ளுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை. பையில் ஒரு கடலை மிட்டாய் கிடக்கட்டும், கை நடுங்கினாலோ கண் இருட்டினாலோ உதவும்.

தண்ணீர் விஷயத்தில் குளிர் ஏமாற்றும். தாகம் எடுக்காது, வியர்வையும் கண்ணில் படாமல் உலர்ந்துவிடும். கிளம்பும் முன் ஒரு டம்ளர் குடியுங்கள். போய்ச் சேர்ந்ததும் அரை லிட்டர், ஒரே மூச்சில் ஊற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக. எவ்வளவு இழக்கிறீர்கள் என்று தெரிய, ஒரு ஞாயிறு ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் வியர்வையைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். அரை கிலோ குறைந்தால் முக்கால் லிட்டர் வரை திருப்பி ஊற்ற வேண்டும். மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று நம்ப வேண்டாம். 250 மில்லி பிடிக்கும் மென்மையான குடுவை ஒன்று பையில் இருந்தால் போதும்.

போய்ச் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள் ஒழுங்கான காலை உணவு வேண்டும். நான்கு இட்லி, இரண்டு வேகவைத்த முட்டை, ஒரு பழம்: 60 கிராமுக்கு மேல் மாவுச்சத்தும் 20 கிராம் அளவுக்குப் புரதமும் வந்துவிடும். முட்டை சாப்பிடாதவர்களுக்கு ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலும் ஒரு டம்ளர் பாலும். டீயைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். தேயிலையில் இருக்கும் டானின், உணவிலுள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேர விடாது. தொடர்ந்து ஓடுகிறவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, இரும்புச்சத்துக் குறைவு அடிக்கடி வரும் தொல்லை. தேயிலை விளையும் ஊரில் இதைச் சொல்வது பாவம்தான்.

இரண்டரை மணி நேர ஞாயிறு ஓட்டம் என்று பின்னால் போனால் கணக்கு மாறும். அப்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. அரை லிட்டர் தண்ணீரில் 30 கிராம் நாட்டுச் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சை கலந்தால் கடையில் விற்கும் பானத்துக்குக் குறையாது. சர்க்கரையைக் கூட்டிக் கலந்தால் வயிறு உப்பிக்கொள்ளும்.

இனி ஷூ. மூன்று கிலோமீட்டர் மண், ஐந்து கிலோமீட்டர் தார் என்பதுதான் இதில் முடிவெடுக்க வேண்டிய விஷயம். ட்ரெயில் ஷூவின் அடியில் இருக்கும் கிரிப் பற்கள் 5 - 6 மில்லிமீட்டர் உயரம் இருந்தால் சேற்றில் அருமையாகப் பிடிக்கும். அதே ஷூ தாரில் ஆணி மேல் நடப்பது போல இருக்கும், பற்களும் சில மாதத்தில் மழுங்கிவிடும். உங்களுக்கு 3 - 4 மில்லிமீட்டர் போதும், அதாவது ரோடும் மண்ணும் கலந்த பாதைக்கென்று விற்கும் வகை. பற்களின் உயரத்தைப் போலவே இடைவெளியையும் பாருங்கள். பாலாடா தோட்டங்களின் செம்மண் ஈரத்தில் பிசின் மாதிரி ஒட்டும். பற்கள் நெருக்கமாக இருந்தால் சேறு நடுவில் அடைத்து, அடிப்பாகம் வழுவழுப்பான பலகையாகிவிடும். சுண்டுவிரல் நுனி நடுவே நுழைகிற அளவு இடைவெளி இருந்தால் சேறு தானாக உதிரும்.

குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தைப் பெட்டியிலோ விவரப் பக்கத்திலோ போட்டிருப்பார்கள். 6 - 8 மில்லிமீட்டரில் எடுங்கள். தட்டையான ஷூ நாகரிகமாக இருக்கலாம். ஆனால் தினமும் மேடு ஏறும் புதியவருக்கு அது குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாணின் மேல் கூடுதல் சுமை. கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும். நடுப்பாதத்தில் இரண்டாக மடிந்தால் அப்படியே அலமாரியில் வைத்துவிடுங்கள்.

வாட்டர்புரூஃப் ஷூ வேண்டுமா என்பதைத்தான் மழை ஊர்க்காரர்கள் எல்லோரும் கேட்பார்கள். வேண்டாம். புல்லில் படிந்த பனித்துளிக்கு அது சரி. ஜூன் மழையில் தண்ணீர் கணுக்கால் வழியாக உள்ளே இறங்கும், இறங்கியது வெளியே போக வழியில்லாமல் ஷூ வாளியாகிவிடும். சாதாரண வலைத்துணி ஷூவில் நனைந்த தண்ணீர் நாலு அடியில் பிழிந்து வெளியேறும். கூடவே கம்பளி அல்லது செயற்கை நூல் காலுறை போடுங்கள். பருத்திக் காலுறை ஈரத்தைப் பிடித்துவைத்துக் கொப்புளம் போடும்.

முடிந்தால் கோவைக்குப் போய்ப் போட்டுப் பார்த்தே வாங்குங்கள். கால் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், ஓடும்போது போடும் அதே காலுறையோடு. நின்றபடி பார்த்தால் நீளமான விரலுக்கு முன் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் ஷூவின் முனையில் இடித்து இடித்துக் கறுத்துப் போகும். முன்னால் இடம் இருந்தும் நகம் கறுத்தால் குற்றவாளி கயிறுதான். மேலே கணுக்கால் பக்கம் சும்மா இருக்கும் கடைசி ஓட்டையில் கயிற்றை அதே பக்கமாக உள்ளே விட்டு இருபுறமும் சிறு வளையம் ஆக்கி, எதிர்க் கயிற்றை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்துக் கட்டுங்கள். குதிகால் பின்னால் பூட்டிக்கொள்ளும், பாதம் முன்னே சறுக்காது.

பாதையில் முதலில் கவனிக்க வேண்டியது கேரட். அதைக் கழுவும் இயந்திரங்களிலிருந்து வடியும் தண்ணீரும், லாரி டயர்களோடு வரும் செம்மண்ணும் தோட்டப் பாதை தாரில் ஏறும் இடத்தில் மெல்லிய களியாகப் படிந்திருக்கும். சேற்றில் கூடச் சறுக்காத கால் இங்கே சறுக்கும், ஏனென்றால் பற்கள் குத்திப் பிடிக்க அடியில் மண் இல்லை, தார்தான். அடியைச் சின்னதாக்கி, முழுப் பாதமும் படும்படி வையுங்கள். தோட்டத்தில் மருந்து அடித்துக்கொண்டிருந்தால் காற்று வரும் பக்கமாகச் சுற்றிப் போங்கள்.

காலை 7 மணிக்குக் கிளம்புவது நல்லது. விடிந்திருக்கும், பால் வண்டிகள் போயிருக்கும், பள்ளி வேன்கள் நெருக்கத் தொடங்குவதற்குள் பாதி தூரம் கடந்துவிடலாம். தார் ரோட்டில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரம் ஓடுங்கள். வலப்பக்கம் திரும்பும் குருட்டு வளைவில் மட்டும், வளைவுக்கு முன்பே வெளி ஓரத்துக்கு மாறிவிடுங்கள். மலைச்சுவரை ஒட்டி ஓடினால் டிரைவருக்கு நீங்கள் கடைசி நொடியில்தான் தெரிவீர்கள். பனிமூட்டத்தில் நெற்றி விளக்கு போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும், ஒளி கண்ணுக்கு நேராகத் திரும்பி வரும். விளக்கை இடுப்பில் கட்டுங்கள், பாதையின் மேடு பள்ளம் நிழலோடு தெரியும். முதுகில் சிவப்பு விளக்கு கட்டாயம்.

ரயில் பாதை ஏற்றம் குறைவு, லாரி இல்லை என்று ஆசை காட்டும். போகாதீர்கள். பாறையை வெட்டிப் போட்ட இடங்களில் வண்டி வந்தால் ஒதுங்க இடமே இல்லை. ரயில்வே சட்டம் 147ஆம் பிரிவின்படி அது 6 மாதம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கத்தக்க அத்துமீறலும்கூட.

காட்டெருமை நின்றால் நீங்களும் நில்லுங்கள். தலையைத் தாழ்த்திச் சீறினால் முதுகைக் காட்டாமல் பின்வாங்குங்கள். கன்றுக்கும் தாய்க்கும் நடுவே கடக்கவே கூடாது. அலுவலகத்துக்குத் தாமதம் என்று போன் செய்து சொல்லிக்கொள்ளலாம், அந்த ஊரில் எல்லோருக்கும் புரியும். சீகை மரப் புதர் ஓரங்களில் காதில் பாட்டு வேண்டாம். கரடி பெரும்பாலும் திடுக்கிட்டால்தான் தாக்கும், பேசிக்கொண்டோ கை தட்டிக்கொண்டோ போனால் தானே விலகிவிடும். நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி.

வீட்டு வாசலில் நிற்கும்போது லேசாகக் குளிர வேண்டும். அப்போதுதான் உடுப்பு சரி. டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் வியர்வையை உறிஞ்சி வெளியேற்றும் மெல்லிய பனியன், அதன்மேல் காற்றைத் தடுக்கும் ஜாக்கெட், கையுறை. ஸ்வெட்டர் போட்டால் பாதி வழியில் நனைந்துவிடும். குளிர் காற்றில் இளைப்பு வருகிறவர்கள் மூக்கையும் வாயையும் துணியால் மூடி ஓடிப் பாருங்கள். அப்படியும் விசில் சத்தம் வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். உராயும் இடங்களுக்குத் தேங்காய் எண்ணெய் போதும். ஊட்டிக் குளிரில் அது உறைந்தேதான் இருக்கும், களிம்பு மாதிரி தடவலாம்.

மாற்றுடை, துண்டு, செருப்பு எல்லாவற்றையும் திங்கட்கிழமை பஸ்ஸில் கொண்டுபோய் அலுவலகத்தில் வைத்துவிடுங்கள். முதுகுப் பையின் எடை 2 கிலோவைத் தாண்டக் கூடாது, மார்புப் பட்டை இருக்க வேண்டும். கடைசி அரை கிலோமீட்டர் நடந்து போனால் வியர்வை அடங்கும். உள்ளே போனதும் பத்து நிமிடத்துக்குள் ஈர உடுப்பை மாற்றுங்கள், இல்லையென்றால் அதன்பின் வரும் நடுக்கம் சீக்கிரம் விடாது.

முதல் இரண்டு வாரம் பாதி வழி பஸ்ஸில் போய் இறங்கி, கடைசி 4 கிலோமீட்டர் மட்டும், வாரம் இரண்டு நாள். அடுத்த இரண்டு வாரம் 6 கிலோமீட்டர். ஐந்தாம் வாரம் முழுத் தூரம். ஏழாம் வாரம் மூன்றாவது நாளைச் சேர்க்கலாம். ஓட்ட நாள்களுக்கு நடுவே ஒரு நாள் இடைவெளி விடுங்கள். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முதல் அடியில் குதிகாலுக்கு மேலே விறைப்பாக வலித்தால், அந்த வாரம் ஓட்டத்தை நிறுத்துங்கள். படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தில் நின்று குதிகாலை மெல்ல ஏற்றி இறக்கும் பயிற்சியை 15 தடவையாக மூன்று சுற்று, நிதானமாகச் செய்யுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தாலோ ஏறும்போது நெஞ்சு இறுக்கினாலோ, முதலில் மருத்துவர், பிறகுதான் ஷூ கடை.

ஒரு ஜோடி 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும். வாரம் 24 கிலோமீட்டர் ஓடும் உங்களுக்கு ஏறத்தாழ ஐந்து மாதமாவது வரும். மழைக்காலத்தில் ஒரு நாளில் ஷூ காயாது என்பதால் பழைய ஜோடியைத் தூக்கிப் போடாதீர்கள், மாற்றி மாற்றிப் போடலாம். உள்ளே போடும் அட்டையைக் கழற்றி, செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றுங்கள். ஹீட்டர் முன்போ அடுப்பு ஓரமோ வைத்தால் பசை இளகி, அடுத்த மேட்டில் அடிப்பாகம் வாயைத் திறந்துவிடும்.