அறம், சான்றோன், கண்ணோட்டம்: நீங்க கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

நல்ல குணத்தைச் சொல்ற பழைய தமிழ்ச் சொற்கள் பத்தி கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், நிறைய பேர் கேட்டீங்க. இருபது வருஷத்துக்கு மேல வகுப்புல பேசிப் பேசி எனக்கு ரொம்ப நெருக்கமான விஷயம் இது, அதனால சில பதில் நீளமாத்தான் இருக்கும்.

டீச்சர், அறமும் தர்மமும் ஒண்ணா, வேறயா?

ரெண்டு விதமாவும் இருந்திருக்கு தம்பி. தர்மம் வடமொழி, தாங்கிப் பிடிக்கிறதுங்கற வேர்ல இருந்து வந்தது. அறம் நம்ம சொல், 'அறு'ங்கறதுல இருந்து வந்தது, வரையறுக்கிறதுன்னு அர்த்தம்னு பல பேர் சொல்வாங்க. ஆனா வேரைவிட அது எங்க எப்படி புழங்குச்சுன்னு பாக்கணும். சோழர் கால கோயில் சுவர்ல ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு குடுத்தோம்னு வெட்டியிருப்பாங்க. 'சாவா மூவாப் பேராடு'ன்னு அதுக்குப் பேரு, கிழட்டு ஆடு செத்தாலும் குட்டி வந்து அந்த எண்ணிக்கை குறையாம நிக்கணும், அதுல இருந்து தினம் ஒரு உழக்கு நெய் விளக்குக்குப் போகணும். சில கல்வெட்டுல கடைசியில 'அறம் மறவற்க அறமல்லது துணை இல்லை'ன்னு வரும். இன்னும் சிலதுல 'இத்தன்மம் ரக்ஷித்தான் ஸ்ரீபாதம் என் தலை மேலது'ன்னு இருக்கும், அதாவது இனி எந்தக் காலத்துலயோ பிறக்கப்போற, பேரு கூட தெரியாத ஒருத்தன் இந்த விளக்கு அணையாம பாத்துக்கிட்டான்னா அவன் காலு என் தலை மேலன்னு குடுத்தவரே சொல்றாரு. அதை முதல் தடவை எழுத்துக்கூட்டிப் படிச்சப்போ சுவர்ல கைய வச்சபடி அப்படியே நின்னுட்டேன். இங்க அறம், தன்மம் ரெண்டுமே அந்த ஏற்பாட்டையேதான் குறிக்குது. அறக்கட்டளை, அறங்காவலர், அறநிலையத் துறை எல்லாம் அந்தப் புழக்கத்தோட தொடர்ச்சிதான். 'தர்மம் போடுங்க தாயே'ங்கறதும் அதுதான்.

அப்போ புண்ணியம் சேரும்னு கணக்கு பண்ணி குடுத்தா அதுவும் அறமா டீச்சர்?

இதை சங்கப் புலவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் ரொம்ப முன்னாடியே யோசிச்சுட்டாரு. புறநானூறு 134ல ஆய் அண்டிரன்ங்கற வள்ளலைப் பத்தி பாடுறப்போ, இங்க செஞ்சா மறுமைக்கு ஆகும்னு நினைச்சு செய்யற 'அறவிலை வணிகன் ஆய் அலன்'ங்கறாரு. அறத்தை விலைக்கு விக்கிற வியாபாரி இல்ல எங்காளு, சான்றோர் போன வழின்னு குடுக்கறான், அவ்ளோதான்னு முடிச்சிடறாரு. குறள் 34 இன்னும் உள்ள போகுது, மனசுல மாசு இல்லாம இருக்கறது மட்டும்தான் அறம், மத்ததெல்லாம் 'ஆகுல நீர', அதாவது வெறும் ஆரவாரம்.

'சான்றோன் எனக்கேட்ட தாய்'ல சான்றோன்னா படிச்சவன்னு சொல்லிக்குடுத்தாங்க. சரியா?

அந்தக் குறளுக்கு சரி, கல்வியால நிறைஞ்சவன். ஆனா எல்லா இடத்துலயும் அப்படி வச்சிட முடியாது. சால்னா நிறையறது, சாலச் சிறந்ததுன்னு சொல்றோமே அதே சொல். பதிற்றுப்பத்துல சேர மன்னனை 'சான்றோர் மெய்ம்மறை'ன்னு கூப்பிடறாங்க, மெய்ம்மறைன்னா கவசம், அங்க சான்றோர்னா வீரர்கள். புறநானூறுல வர்ற பொன்முடியார் பாட்டுலயும் 'சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே'ன்னு வருது, ஆனா அதே பாட்டுல கொல்லன் வேல் வடிச்சுக் குடுக்கறான், பையன் யானையை வெட்டிட்டு திரும்பி வரணும்னு முடியுது. இந்தப் பாட்டை மார்க் ஷீட் விழாவுல பாடினா எனக்கு மனசு உறுத்தும். குறள் 983க்கு வந்தா அன்பு, நாண், ஒப்புரவு, கண்ணோட்டம், வாய்மைன்னு அஞ்சு தூண் மேல சால்பு நிக்குது. வாள் எடுத்தவனோட நிறைவு குணத்தோட நிறைவா மாறிடுச்சு, நம்ம மொழியில நடந்த பெரிய மாற்றம்னு நான் இதைத்தான் சொல்வேன்.

அதுல கண்ணோட்டம்னு இருக்கே? ஆபீஸ்ல 'உங்க கண்ணோட்டம் என்ன'ன்னுதானே கேக்குறோம்?

நாம இழந்துட்டோம்னு நான் ரொம்ப வருத்தப்படற அர்த்தம் இது. பழைய கண்ணோட்டம் பார்வைக் கோணம் இல்ல, கண்ணு அடுத்தவங்க மேல ஓடி, முகத்தைப் பாத்துட்டு மறுக்க முடியாம போறது. நம்ம வீட்ல தாட்சண்யம்னு சொல்வாங்களே, அதுக்குப் பக்கத்துல வரும். பேங்க்ல நேரம் முடிஞ்சு கவுண்டர் மூடற சமயம் ஒரு பாட்டி மூச்சு வாங்கிக்கிட்டு ஸ்லிப்போட வந்து நிக்கிறாங்க, கிளார்க் நிமிந்து பாக்கறாரு, ஒண்ணும் பேசாம கைய நீட்டி அந்த ஸ்லிப்பை வாங்கிக்கறாரு. அந்த நிமிந்து பாத்த பார்வை இருக்கே, அதுக்குப் பேருதான் கண்ணோட்டம். வள்ளுவர் கண்ணோட்டம்ங்கற 58வது அதிகாரத்தை பொருட்பால்ல, அரசியல்ங்கற பகுதியில வச்சிருக்காருங்கறதை கவனிங்க, ஆட்சியில இருக்கறவனுக்கு சொன்னது. 'கருமம் சிதையாமல்'னு ஒரு வரம்பும் போடறாரு, வேலையைக் கெடுத்துட்டு இரக்கம் காட்டுன்னு சொல்லல.

இதே அதிகாரத்தோட கடைசி குறள்ல 'நயத்தக்க நாகரிகம்'னு வரும், பழகினவங்க விஷம் ஊத்தறதைப் பாத்தும் குடிச்சிட்டு அமைதியா இருக்கறவங்களோட பெருந்தன்மை அது. நற்றிணை 355லயும் 'நஞ்சும் உண்பர் நனி நாகரிகர்'னு இருக்கு. இன்னிக்கு சிந்துவெளி நாகரிகம்னு படிக்கிற பிள்ளைக்கு இந்த வரி எப்படிங்க புரியும்?

உள்ளத்துல இருந்தா உண்மை, வாயில வந்தா வாய்மை, மெய்யால செஞ்சா மெய்மை. இது சரிதானே அக்கா?

கேக்க அழகா இருக்கும்மா, ஞாபகம் வச்சுக்கவும் சுலபம், ஆனா சொல் பிறந்த கதை அது இல்ல. உண்மைன்னா உள் கூட மை சேந்தது, இருக்கறதுன்னு அர்த்தம், அதனாலதான் இலக்கணத்துல உண்மைக்கு எதிர்ச்சொல் இன்மை. வாய்மைக்கு வள்ளுவரே விளக்கம் எழுதிட்டாரு, யாருக்கும் துளி தீமை இல்லாத சொல்.

கற்பு பொம்பளைங்களுக்கு மட்டும்னு எப்போ ஆச்சு?

ஒரு தேதி வச்சு சொல்ல முடியாதும்மா, குறள்லயே பெண்ணோட சேத்துத்தான் வருது. ஆனா கல்ங்கற வேர்ல இருந்து, கத்துக்கிட்டதுல உறுதியா நிக்கிறதுன்னு விளக்கம் சொல்வாங்க. தொல்காப்பியத்துல கற்புங்கறது சடங்கோட நடக்கற கல்யாணம், களவுக்கு, அதாவது ஊருக்குத் தெரியாத காதலுக்கு, அடுத்த கட்டம். கொன்றைவேந்தன்ல 'கற்பெனப் படுவது சொற்றிறம் பாமை', அதாவது சொன்ன சொல் தவறாம இருக்கறது. வகுப்புல இதைச் சொன்ன அன்னிக்கு கடைசி பெஞ்சுல ஒரு பொண்ணு, 'அப்போ பசங்களுக்கும் உண்டா மிஸ்?'னு கேட்டா. உண்டும்மான்னேன்.