தை மாதக் கல்யாணத்தில் அருந்ததியை நிஜமாகவே காட்டலாம்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தை மாதம் மகளுக்குக் கல்யாணம், முகூர்த்தம் காலை 9 மணிக்கு. பட்டப்பகலில் ஐயர் வானத்தைக் காட்ட, பிள்ளைகள் எதையும் பார்க்காமலே தலையாட்டுவது அவருக்கு மனசுக்கு ஒப்பவில்லை. அருந்ததியை உண்மையிலேயே பார்க்க முடியுமா, அது ஏன் அவ்வளவு மங்கல் என்று கேட்கிறார்.

முடியும் சகோதரி, ஆனால் 9 மணிக்கு இல்லை. அன்று விடியற்காலை 5.30-க்கும் 6-க்கும் இடையில், அலங்காரத்துக்கு உட்காருவதற்கு முன் மகளை வெளியே கூட்டிக்கொண்டு வாருங்கள். தை மாதத்தில் நம் பக்கம் சூரியன் உதிக்க ஏழேகால் தாண்டிவிடும், அதனால் அந்த நேரத்தில் நல்ல இருட்டு இருக்கும். மண்டபத்து விளக்கு கண்ணில் படாதபடி செம்பனைத் தோட்டத்துப் பக்கம் தள்ளி நின்று வடக்கே பாருங்கள். கையை நீட்டி முஷ்டியை மடக்கி, அடிவானத்திலிருந்து ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு முஷ்டி வைத்தால் வரும் உயரத்தில், கவிழ்த்த அகப்பைபோல் சப்தரிஷி மண்டலம் நிற்கும். வலப்பக்கம் நீளும் காம்பில் மூன்று நட்சத்திரங்கள், அதில் நடுவில் இருப்பவர் வசிஷ்டர். அவருக்கு வலப்புறம், ஒரு இழை கீழே, நிலாவின் அகலத்தில் பாதிகூட இல்லாத இடைவெளியில் சின்ன வெள்ளைப் புள்ளி தெரிகிறதா? அதுதான் அருந்ததி. இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் சாதாரண பைனாகுலர் போதும், பிரித்துக் காட்டிவிடும்.

மங்கலுக்குக் காரணம் தூரம்தான், நட்சத்திரம் ஒன்றும் சோப்ளாங்கி இல்லை. வசிஷ்டரைவிட ஐந்தாறு மடங்கு மங்கலாகத் தெரிந்தாலும், அது நம் சூரியனைப்போல் ஏறக்குறைய 14 மடங்கு ஒளியைக் கொட்டுகிறது. சூரியனை அங்கே கொண்டுபோய் வைத்தால் வெறும் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. தூரம் சுமார் 82 ஒளியாண்டு, அதாவது இப்போது நம் கண்ணில் விழும் வெளிச்சம் அங்கிருந்து கிளம்பியபோது இங்கே ஜப்பான்காரன் காலம், இரண்டாம் உலகப்போர் நேரம். பூமி சூரியனைச் சுற்றும்போது அந்தப் புள்ளி, பின்னால் வெகுதூரத்தில் உள்ள நட்சத்திரங்களுக்கு எதிரே மயிரிழை அளவு இடம் மாறித் தெரியும். 1989-இல் ஏவிய ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோள் அந்த மயிரிழையைத் துல்லியமாக அளந்தது, தூரம் அப்படித்தான் உறுதியானது.

மேற்பரப்பு வெப்பம் ஏறக்குறைய 8,000 கெல்வின், சூரியனுக்கு 5,800-தான். வெள்ளை நிறம் அதனால்தான். ஏ வகை, அதாவது சூடான வெள்ளை ரகம்; முதன்மை வரிசை நட்சத்திரம் இது, அதாவது மையத்தில் ஹைட்ரஜனை எரித்துக்கொண்டிருக்கிற இளவயது. எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அதன் சுழற்சி: ஒளியை வண்ணங்களாகப் பிரித்துப் பார்த்தால் அதில் தெரியும் கருங்கோடுகள் (நிறமாலைக் கோடுகள்) வேகமாகச் சுழல்வதால் அகன்று கலங்கியிருக்கும், அந்த அகலத்தை வைத்துக் கணக்குப் போட்டால் வினாடிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வேகம் வருகிறது. சூரியனுக்கு வெறும் 2. அப்புறம் 2009-இல் அதன் பக்கத்திலேயே சூரியனைவிடச் சிறிய, மங்கலான ஒரு செங்குள்ள நட்சத்திரமும் கண்டுபிடிக்கப்பட்டது.

அன்றைக்கு மேகம் மூடிவிட்டால் பரவாயில்லை. ஜூன் தொடக்கத்தில் இரவு 9.30 மணிக்கு அதே வடக்கில், அதே உயரத்தில் நிற்கும், மாப்பிள்ளையையும் சேர்த்துக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.