நூறு விதையில் 74: விகிதக் கணக்குக் கேள்வி–பதில்

கடையில் வாங்கிய நெல் விதைப் பையில் ‘முளைப்புத்திறன் குறைந்தது 80%’ என்று அட்டை இருந்தது. நூறு விதையை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்தேன். 74தான் முளைத்தது. இதை வைத்துப் புகார் கொடுக்கலாமா?

இந்த 74 மட்டும் போதாது. ஏன் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடுவோம்.

80% என்பது நெல் விதைக்குச் சான்று வழங்க நம் நாட்டில் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு. அட்டை சொல்வது மெய் என்றே முதலில் வைத்துக்கொள்ளுங்கள். இதைத்தான் இன்மைக் கருதுகோள் என்கிறோம். மெய்யாகவே 80% முளைக்கும் குவியலிலிருந்து நூறு நூறாக அள்ளிப் போட்டாலும் ஒவ்வொரு தடவையும் 80 வராது. ஒரு தடவை 83 வரும், இன்னொரு தடவை 77 வரும். இந்த ஏற்ற இறக்கத்தின் அளவுக்குத் திட்டப்பிழை என்று பெயர். 0.8-ஐ 0.2-ஆல் பெருக்கி, 100-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் 0.04, அதாவது 4%. உங்கள் 74, 80-க்கு 6 குறைவு. 6-ஐ 4-ஆல் வகுத்தால் 1.5.

இயல்நிலைப் பரவல் (மணி வடிவப் பரவல்) அட்டவணையில் பார்த்தால், 1.5 திட்டப்பிழையோ அதற்கு மேலோ கீழே இறங்கும் வாய்ப்பு 0.067. அரை விதைக்கான திருத்தத்தையும் சேர்த்து, 74-க்குப் பதில் 74.5 என்று போட்டால் சுமார் 0.085. நல்ல விதையிலும் பன்னிரண்டு, பதினைந்து தடவைக்கு ஒரு தடவை இப்படி நேரும். வாய்ப்பு 5%-க்குக் கீழே இருந்தால்தான் தற்செயல் அல்ல என்று கொள்வது வழக்கம். அந்த எல்லைக்குள் இது வரவில்லை.

அதற்காக விதை நல்லது என்று ஆகிவிடாது. 74%-க்கு 95% நம்பிக்கை இடைவெளி (உண்மை விகிதத்துக்கான மதிப்பீட்டு எல்லைகள்; 74-க்கு இருபுறமும் 1.96 திட்டப்பிழை) கட்டினால் ஏறத்தாழ 65 முதல் 83 வரை வருகிறது. உண்மை 70% என்றாலும் பொருந்தும், 80% என்றாலும் பொருந்தும். நூறு விதைக்கு இவ்வளவுதான் சொல்லத் தெரியும்.

ஆகவே 400 விதை போடுங்கள். விதைப் பரிசோதனைக் கூடங்களிலும் நூறு நூறாக நான்கு பாகம், மொத்தம் 400 என்பதே முறை. அதில் 296 முளைத்தால் விகிதம் அதே 74%தான். ஆனால் திட்டப்பிழை 2% ஆகிவிடுவதால் வித்தியாசம் 3 திட்டப்பிழை. வாய்ப்பு 0.0013 அளவே, இடைவெளி 70 முதல் 78 வரை. அப்போது துணிந்து புகார் எழுதலாம். விதையை நான்கு மடங்காக்கினால் பிழை பாதியாகத்தான் குறைகிறது என்பதையும் கவனியுங்கள்.

சில எச்சரிக்கைகள். முதலில் வந்த 74-ஐப் புதுக் கணக்கில் சேர்க்காதீர்கள். சந்தேகம் தட்டிய பிறகு கூடுதலாகப் போட்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டினால் 5% எல்லை என்பதற்குப் பொருளே போய்விடும். பையின் மேல்வாயில் ஒரு கைப்பிடி அள்ளாமல், குத்தூசியால் மேல், நடு, அடி என்று பல இடங்களில் எடுத்துக் கலந்து, பிறகு எண்ணுங்கள். நல்ல மணியாகப் பொறுக்கக் கூடாது. நெல்லுக்கு 14-ஆம் நாள் இறுதி எண்ணிக்கை. வேரும் தளிரும் ஒழுங்காக வந்த நாற்றை மட்டுமே முளைத்ததாகக் கொள்ள வேண்டும். புதிதாக அறுத்த நெல்லுக்கு விதை உறக்கம் உண்டு. அது உயிரோடு இருந்தும் முளைக்காது.

நான்கு பாகங்களையும் தனித்தனியே எழுதி வையுங்கள். 80%-ஐ ஒட்டிய விதையில், அதிகம் முளைத்த பாகத்துக்கும் குறைந்த பாகத்துக்கும் 15, 16-க்கு மேல் வித்தியாசம் வந்தால் அது தற்செயல் அல்ல. ஒரு சுருள் காய்ந்திருக்கும், அல்லது பூஞ்சணம் பிடித்திருக்கும். மறுபடி போடுவதே முறை.

சோதனையில் 0.8-ஐ வைத்துத் திட்டப்பிழை எடுக்கிறோம், இடைவெளிக்கு மட்டும் 0.74-ஐ வைக்கிறோம். ஏன் இந்த இரட்டை முறை?

கேள்விகள் இரண்டும் வேறு. சோதனையில் ‘80% மெய்யானால்’ என்று தொடங்குகிறோம். மெய்யென்று கொண்ட மதிப்பு கையில் இருக்கும்போது ஆட்டத்தின் அளவையும் அதிலிருந்தே எடுக்க வேண்டும். இடைவெளி கட்டும்போது அப்படி எந்த மதிப்பையும் முன்வைப்பதில்லை. இருக்கிற ஒரே சான்று மாதிரியின் 0.74. இதனால் விளிம்பில் சில சமயம் சோதனை ஒன்றும் இடைவெளி ஒன்றும் சொல்லும். அது உங்கள் கணக்குப் பிழை அல்ல.

இதே கடிதத்தில் ‘உண்மை மதிப்பு 65-க்கும் 83-க்கும் நடுவில் இருக்க 95% வாய்ப்பு’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். தேர்வில் அப்படி எழுதாதீர்கள். உண்மை மதிப்பு அசைவதில்லை, மாதிரிக்கு மாதிரி அசைவது இடைவெளி. இந்த முறையில் திரும்பத் திரும்பக் கட்டினால் நூற்றில் ஏறத்தாழ 95 இடைவெளிகள் உண்மையைப் பிடிக்கும் என்பதே பொருள்.

இருபது விதை போட்டேன், இருபதும் முளைத்தது. சூத்திரத்தில் போட்டால் பிழை பூச்சியம் என்று வருகிறதே?

சூத்திரம் அங்கே உடைந்துவிடுகிறது. முளைத்ததும் முளைக்காததும் தலா பத்தாவது இருந்தால்தான் அந்த எளிய சூத்திரத்தை நம்பலாம். உங்களுக்கு உதவுவது 1927-இல் எட்வின் வில்சன் தந்த இடைவெளி. இருபதுக்கு இருபது என்றால் அதன் கீழ் எல்லை, 20-ஐ (20 + 3.84)-ஆல் வகுத்தது. அதாவது 84%. 3.84 என்பது 1.96-இன் வர்க்கம். வயல் வரப்பில் நின்றே போட இன்னொரு வழி: 3-ஐ விதை எண்ணிக்கையால் வகுங்கள். 3/20 = 15%. முளைக்காத விதை 15% வரைகூட இருக்கலாம் என்று பொருள். இருபது விதை முழுதும் முளைத்ததை வைத்து ‘நூற்றுக்கு நூறு’ என்று யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

உப்புக் கரைசலில் போட்டு மிதந்ததை நீக்கிய விதையில் 400-க்கு 324 (81%), நீக்காததில் 400-க்கு 300 (75%). இரண்டு இடைவெளிகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன. அப்படியென்றால் வித்தியாசம் இல்லை என்றுதானே?

இல்லை. பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். 77–85, 71–79 என்று அவை ஒன்றின்மேல் ஒன்று ஏறுவது உண்மைதான். ஆனால் கேட்க வேண்டியது வித்தியாசத்தைப் பற்றி. இரண்டையும் சேர்த்தால் 800-க்கு 624, அதாவது 0.78. 0.78 × 0.22-ஐ (1/400 + 1/400)-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 0.0293. வித்தியாசம் 0.06-ஐ அதனால் வகுத்தால் 2.05, இருபக்க வாய்ப்பு (எந்தப் பக்கமாயினும் இவ்வளவு விலகும் வாய்ப்பு) 0.04. வித்தியாசத்துக்கான இடைவெளி 0.3% முதல் 11.7% வரை. பூச்சியம் அதற்குள் இல்லை.

பலன் உண்டு என்று சொல்லலாம். எவ்வளவு என்பதுதான் இன்னும் தெளிவில்லை: அரை சதவீதம்கூட இல்லாமலும் இருக்கலாம், பதினொன்றும் இருக்கலாம். இடைவெளிகள் ஒன்றையொன்று தொடவே இல்லையென்றால் வித்தியாசம் உறுதி. ஏறினால் தனிக் கணக்குப் போட்டே ஆக வேண்டும்.

மூவாயிரம் பேர் உள்ள ஊருக்கும் ஏழு கோடிப் பேர் உள்ள மாநிலத்துக்கும் ஒரே அளவு மாதிரி போதும் என்கிறார்களே?

±3% பிழைக்கு 1.96-இன் வர்க்கத்தை 0.25-ஆல் (0.5 × 0.5, ஆட்டம் மிக அதிகமாக இருக்கும் நிலை) பெருக்கி 0.0009-ஆல் (0.03-இன் வர்க்கம்) வகுத்தால் 1,067 வரும், 1,068 பேர் என்று வையுங்கள். இதில் மக்கள்தொகையே வரவில்லை, ஆகவே ஏழு கோடிக்கும் அதுவே. மூவாயிரத்துக்கு அவ்வளவும் வேண்டாம். 1,067-ஐ (1 + 1,066/3,000)-ஆல் வகுத்தால் 788 போதும்.

ஆனால் இந்த ±3% குலுக்கல் முறையில் ஆட்களை எடுத்தால் மட்டுமே. 1936-இல் அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் அந்நாட்டின் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ் சுமார் ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பி, 24 லட்சம் அளவுக்குப் பதில் பெற்று, வேட்பாளர் லாண்டன் 57% வாக்கு வாங்குவார் என்றது. எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 61% அளவு வாங்கி வென்றார். 24 லட்சத்துக்குத் திட்டப்பிழை 0.03%தான். தொலைபேசிப் பட்டியலிலும் கார் வைத்திருப்போர் பட்டியலிலும் இருந்து முகவரி எடுத்ததும், பதில் போட்டவர்கள் மட்டும் எண்ணப்பட்டதும் சேர்ந்து செய்த பிழை எந்தச் சூத்திரத்திலும் தெரியாது. உங்கள் ஊரில் பகலில் வீட்டில் இருப்பவர்களை மட்டும் கேட்டாலும் இதேதான் நடக்கும். பூட்டியிருந்த வீட்டை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டைக் கேட்காதீர்கள். மாலையில் ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை அதே வீட்டுக்குத் திரும்பப் போங்கள்.