முதலில் அம்மாவுக்கா, குழந்தைக்கா?

கேள்வி: மகளோடும் கைக்குழந்தையான பேத்தியோடும் முதல் தடவையாக விமானத்தில் டெல்லி போனேன். ஆக்சிஜன் மாஸ்க் விழுந்தால் முதலில் நீங்கள் மாட்டிக்கொள்ளுங்கள், அப்புறம் குழந்தைக்கு மாட்டுங்கள் என்று விமானப் பணிப்பெண் செய்து காட்டினாள். பெற்றவள் எவளாவது அப்படிச் செய்வாளா?
- ஒரு பாட்டி, குடியாத்தம்

பதில்: செய்ய மாட்டாள் அம்மா, அதனால்தான் ஒவ்வொரு தடவையும் சொல்கிறார்கள். 35,000 அடியில் உள்ளே இருக்கும் காற்று வெளியேறிவிட்டால் புத்தி தெளிவாக இருப்பது அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிடும், நாடா முடியில் சிக்கும், அதைப் பிரிப்பதற்குள் உங்கள் கை உங்கள் பேச்சைக் கேட்காது. நீங்கள் முதலில் மாட்டிக்கொண்டால், குழந்தை சில நொடி துவண்டாலும் மாட்டிவிட ஆள் இருக்கும்.

இதில் பொல்லாத விஷயம், மூச்சு முட்டுவது போலவே தெரியாது என்பதுதான். கரியமில வாயு தேங்கினால்தான் நமக்கு மூச்சு முட்டும். அங்கே அது பாட்டுக்கு வெளியே போய்க்கொண்டிருக்கும், ஆக்சிஜன் மட்டும் வராது, மனசு ஜாலியாகக்கூட இருக்கும். 1875 ஏப்ரலில் பாரிஸிலிருந்து 'ஜெனித்' பலூனில் மூன்று பேர் 8,000 மீட்டருக்கு மேல் போனார்கள். ஆக்சிஜன் பைகள் கூடவே இருந்தன, குழாயை எடுக்கத்தான் கை எழவில்லை. இருவர் இறந்துபோனார்கள். காது செவிடாகிப் பிழைத்த திஸாந்தியே, ஆபத்து என்ற நினைப்பே வரவில்லை, சந்தோஷமாக இருந்தது என்று பின்னால் எழுதினார். அதற்கு முன்பே, 1862-ல் இங்கிலாந்தில், கூட வந்த கிளெய்ஷர் மயங்கிக் கிடக்க, கை மரத்துப்போன காக்ஸ்வெல் வால்வுக் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்துப் பலூனை இறக்கினார்.

பழங்கதை என்று நினைக்காதீர்கள். 2005-ல் சைப்ரஸிலிருந்து ஏதென்ஸ் கிளம்பிய ஹீலியோஸ் விமானத்தில் காற்றழுத்த சுவிட்ச் 'ஆட்டோ'வில் இல்லை, அதனால் மேலே போகப் போக உள்ளே அழுத்தம் குறைந்துகொண்டே போனது. அலாரம் அடித்தது, விமானிகள் அதை வேறு கோளாறு என்று நினைத்து அதையே நோண்டிக்கொண்டிருந்தார்கள். 121 பேரும் போய்விட்டார்கள்.

கேள்வி: ஏலகிரியில் பருப்பு வேக நேரம் பிடிக்கிறதே, விமானம் பறக்கிற உயரத்தில் சமைத்தால்?
- கல்லூரி மாணவர், திருப்பத்தூர்

பதில்: ஏலகிரியில் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். விமானத்துக்கு வெளியே அடுப்பு வைக்க முடிந்தால் அறுபத்துச் சொச்சத்தில் தளதளவென்று கொதிக்கும், பருப்பு அப்படியே கிடக்கும். விமானத்துக்கு உள்ளே வேகும், ஏனென்றால் அதுவும் ஒரு வகைக் குக்கர்தான்: எவ்வளவு மேலே போனாலும் உள்ளே ஏறக்குறைய கொடைக்கானல் அளவுக்கு அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பார்கள்.

19 கிலோமீட்டருக்கு மேல் கதை வேறு. அங்கே 37 டிகிரியிலேயே தண்ணீர் கொதிக்கும், அதாவது நம் உடம்புச் சூடே போதும், நாக்கில் இருக்கும் எச்சில் நுரைத்துவிடும். அதனால்தான் காற்றடைத்த உடை. 1960-ல் அமெரிக்க விமானப்படையின் ஜோசப் கிட்டிங்கர் பலூனில் 31 கிலோமீட்டர் ஏறும்போது வலது கையுறையில் மட்டும் காற்று ஏறவில்லை. சொன்னால் இறங்கச் சொல்வார்கள் என்று வாயைத் திறக்காமலே ஏறினார் மனுஷன். கை இரண்டு மடங்கு வீங்கிப்போக, அந்தக் கையோடு அங்கிருந்து குதித்தார். கீழே வந்து சில மணி நேரத்தில் வீக்கம் வடிந்துவிட்டது.